மதிப்பீட்டு அதிகாரியைக் காணவில்லை

வணக்கத்துக்குரிய அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி மூச்சு வாங்கியபடி எழுதிக்கொள்வது. இங்கே முழங்கால் நீங்கலாக எல்லாம் நலம். அங்கே அத்தானின் முதுகுவலியும் என்மீது உனக்குள்ள கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பல்கலைக்கழகத்தில் இருபத்திரண்டு வருஷமாக உடற்கல்வியைக் கரும்பலகையில்தான் நடத்திவந்தேன் என்பது உனக்குத் தெரியும். நான் தசைகளின் படம் வரைவேன், பிள்ளைகள் தூங்குவார்கள், யாருக்கும் தொந்தரவில்லை. போன மாதம் வந்தது பார் ஒரு சுற்றறிக்கை! இனி ஓடியாடும் விளையாட்டு வழியாகத்தான் கற்பிக்க வேண்டுமாம், அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பாராம், அவருக்குத் திருப்தி இல்லையென்றால் பாடத்தையே எடுத்துவிடுவார்களாம். பாடம் போனால் நானும் போனேன். சரியென்று ஓடிப்பிடித்து விளையாட மைதானத்தில் இறக்கினால், நாற்பது பேரும் மரத்தடியில் உட்கார்ந்து போனைப் பார்த்தார்கள், நான் மட்டும் ஓடினேன், யாரும் துரத்தாமலே விழுந்தேன். "அடி பட்டிருச்சா சார்? வீடியோ எடுத்திருக்கோம், பாக்குறீங்களா?" என்று ஒருத்தி அக்கறையாகக் கேட்டாள். கண்ணாமூச்சி என்றதும்தான் எல்லாரும் எழுந்தார்கள். ஒளிந்தார்களே, அப்பப்பா! நூலக அலமாரிக்குப் பின்னால் ஒருவன், ஆய்வக மேசைக்கு அடியில் இரண்டு பேர். துணைவேந்தர் அறைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றவள் கூட்டம் முழுவதையும் கேட்டுவிட்டுத் தேர்வுத் தேதியோடு வந்தாள்.

இன்று ஆட்டம் நடக்கும் நேரம் பார்த்து அந்த அதிகாரி வந்து நின்றார். மைதானத்தில் நானும் என் விசிலும்தான்.

"வகுப்பு எங்க?"

"ஒளிஞ்சிருக்காங்க சார்."

"என்னைப் பாத்தா?"

"ஐயோ இல்ல சார், பாடமே அதுதான்."

முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. பயத்தில் நான், "நீங்களும் ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்களேன் சார்" என்று உளறித் தொலைத்தேன். ஃபைலை என் கையில் திணித்துவிட்டு ஒளியப் போனார், அக்கா. போனவர் போனவர்தான். பிள்ளைகள் எல்லாரும் அகப்பட்டுவிட்டார்கள், அவரை மட்டும் காணோம். மூன்று மணி நேரமாக நாற்பது பேரும் "சார், சார்" என்று கூவிக்கொண்டு தேடுகிறார்கள். காவலாளி தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார். என் வேலையைத் தீர்மானிக்க வந்த மனுஷரையே தொலைத்துவிட்டு நிற்கிறேன். பயமா இருக்குக்கா. அத்தான் அலுவலகத்தில் உட்கார்ந்தபடி பார்க்கிற வேலை எதுவானாலும் சரி, இன்றைக்கே சொல்லிவைக்கச் சொல்.

அத்தானுக்கு என் வணக்கமும் மருமக்களுக்கு ஆசிகளும்.

இன்னும் வேலையில் இருக்கும்
உன் தம்பி

பி.கு.: அக்கா, அத்தானிடம் வாயே திறக்காதே. ஆள் கிடைத்துவிட்டார். உடற்பயிற்சி மெத்தைகள் அடுக்கிய அறையிலிருந்து தலையெல்லாம் தூசியாகத் தானே வெளியே வந்தார். ஃபைலை வாங்கி, பாடம் தொடரட்டும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். எனக்குத்தான் ஆறவில்லை. "இத்தனை நேரம் கூப்பிட்டோமே சார், கேக்கவே இல்லையா?" என்றேன்.

"கேட்டுச்சு. அதனாலதான் வெளிய வரல. எந்த ஆபீசுக்குப் போனாலும் இந்த ஆளு எப்போ கிளம்புவான்னுதான் பாப்பாங்க. இன்னிக்குத்தான் ஒரு இடத்துல என்னைத் தேடியிருக்காங்க."