சமையலறையில் மாகாளிக் கொடி

இதில் ஓர் எழுத்துப் பொய்யாக இருந்தாலும் சாமுண்டீஸ்வரி என்னை மலைப்படிகளில் உருட்டிவிடட்டும். மைசூர் சரஸ்வதிபுரத்து வாமனின் சமையலறையில், கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில், விடிந்தபோது மாகாளிக்கிழங்குக் கொடி நின்றது.

"ஏன்னா, இங்க வாங்கோ! மேடையைப் பிளந்துண்டு வந்திருக்கு," என்றாள் மனைவி சின்மயி. கையில் கத்தி.

"தொடாதே! அழிஞ்சுண்டு வர இனம். வெட்டினா ஜெயில்."

"ஒரே ஒரு ஜாடி ஊறுகாய்க்குமா?"

வாமனின் உத்தியோகமே அதுதான். கோபிநத்தம் காட்டில் அரிய செடிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று டேப்லெட் வரைபடத்தில் புள்ளி வைப்பது. மேலதிகாரி சுசித்ரா இன்று காட்டுக்கே போய்ச் சரிபார்க்கிறார். புள்ளி இருக்கும் இடத்தில் செடி இல்லையென்றால் வாமனுக்கு வேலை இல்லை.

டேப்லெட்டைத் திறந்தான். மாகாளிப் புள்ளியும், அடையாளத்துக்காகத் தன் வீட்டுக்கு அவன் வைத்திருந்த புள்ளியும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன.

"ராத்திரி தூக்கக் கலக்கத்துல கை பட்டிருக்கு." மேலே இருந்த புள்ளியை விரலால் காட்டுப் பக்கம் தள்ளினான்.

கூடத்தில் மடமடவென்று சத்தம். சோபாவைச் சுற்றிக் கொடி.

இன்னும் தள்ளினான். பூஜையறையில் மரம்.

"நீங்க தொடத்தொட ஜாஸ்தியாறது! பால்காரன் வரல்லை, குழாய்ல தண்ணி இல்லை, இதுல இது வேற."

பதறிப்போய் ஒரே தள்ளாக நடுக்காட்டுக்குத் தள்ளிவிட்டான்.

வீடே பச்சையாயிற்று. கூரையிலிருந்து கொடிகள் இறங்கின. எந்தப் புத்தகத்திலும் அவன் பார்த்திராத பூக்கள் ஃபேன் இறக்கைகளில் விரிந்தன. டிவிமேல் ஓர் இருவாச்சி சிறகை மடக்கி அமர்ந்தது. கிழங்கின் வாசனை நெஞ்சை நிறைத்தது. சின்மயி கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினாள்.

"வேலை போனாப் போகட்டும்," என்றான் வாமன், ரொம்ப மெதுவாக.

கதவு தட்டப்பட்டது. வெளியே சுசித்ரா. பின்னால் கோபிநத்தம் வனக்காவலர் லிங்கப்பன்.

"மேடம், கொடி எப்படி என் வீட்டுக்கு வந்ததுன்னு சத்தியமாத் தெரியலை!"

சுசித்ரா தன் போனைப் பார்த்தார். "உங்க மாகாளிப் புள்ளி கரெக்டாத்தானே இருக்கு, வாமன்?"

லிங்கப்பன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"கொடி இருந்த எடத்துலயேதானுங்க சார் இருக்குது. உங்க ஊடுதானுங்க, காலங்காத்தால எங்க காட்டுக்குள்ள மொளைச்சு நிக்குது."