பணியிடை நீக்கம் செய்யப்பட்ட கொய்யா மரம்

கொய்யா ஒரு பழம் என்பது பொதுமக்களின் அபிப்பிராயம். எங்களைப் பொறுத்தவரை அது ஒரு துறை. அந்தத் துறையின் ஆராய்ச்சித் தோட்டத்தில் நான் தலைமை எழுத்தர். ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லும் தகுதி எனக்கு உண்டு. கொய்யாவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்தத் தகுதியை எந்த விதத்திலும் பாதிக்காது. எங்கள் இயக்குநருக்கும் தெரியாது. அவர் என்ன கெட்டுப்போய்விட்டார்?

தோட்டத்தில் வகை வகையாக மரங்கள் இருந்தன. உள்ளே வெள்ளையாக இருப்பது, சிவப்பாக இருப்பது, கழுத்து நீண்டது, விதை பல்லை உடைப்பது, விதையே இல்லாதது. எல்லாவற்றிலும் செல்லப்பிள்ளை 'சர்க்கரைக்கட்டி' என்ற வகை. சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் தனியாக நின்ற ஒரு மரத்துக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'சிடுமூஞ்சி'. அதன் காயைக் கடித்தவர்களின் முகம் போன போக்கைப் பார்த்து வைத்த பெயர் அது. அணில்கூட ஒரு தடவை கடித்துவிட்டால் அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது.

தோட்டத்தின் ஆராய்ச்சியாளர் என் மனைவியின் தங்கை. அலுவலகத்தில் என்னை 'சார்' என்பாள், வீட்டில் 'அத்தான்' என்பாள். காரியம் ஆக வேண்டுமென்றால் அலுவலகத்திலும் அத்தான்தான்.

"அத்தான், சர்க்கரைக்கட்டிக்கு வாடல் நோய் வந்தா நின்ன இடத்துலயே காஞ்சு போயிடும். சிடுமூஞ்சிக்கு அந்த நோய் வராது. ரெண்டையும் கலந்தா பிறக்கிற பிள்ளைங்க ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஒண்ணாவது அம்மா மாதிரி திடமா, அப்பா மாதிரி இனிப்பா வரும்."

"அம்மா மாதிரி சிடுசிடுன்னு, அப்பா மாதிரி நோஞ்சானா வந்துட்டா?"

"உங்களுக்கும் அக்காவுக்கும் பிள்ளை பிறந்தப்போ எனக்கும் அதே பயம்தான் இருந்துச்சு."

அவள் முன்பு வளர்த்த கலப்புக் கன்றுகள் நின்ற இடம் இப்போது விருந்தினர் கார் நிறுத்துமிடம். எனவே சிடுமூஞ்சியின் அடுத்த பூப்புதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. அதில் விதை கிடைக்காவிட்டால் ஆராய்ச்சிப் பிரிவை இழுத்து மூடிவிட்டு, அவளைத் தபால் பிரிவில் உட்கார வைத்துவிடுவார்கள். பாவம், அவள் தூங்கி வெகுநாள் ஆகியிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் மேலிடத்தில் ஒரு புதிய சொல் பிறந்தது. மேலிடத்தில் அவ்வப்போது சொற்கள் பிறக்கும். வளர்ப்பது எங்கள் பொறுப்பு. முன்பு 'பசுமை' பிறந்தபோது எங்கள் இயக்குநர் சுவருக்கெல்லாம் பச்சை பெயிண்ட் அடித்து, பாக்கி இருந்ததை மரங்களுக்கும் அடித்தார். இந்த முறை பிறந்த குழந்தையின் பெயர் 'பல்வகைமை'. பல்வகைமை நாள் கொண்டாடப்படும், ஆய்வுக் குழு நேரில் வந்து பல்வகைமையைக் கண்ணால் பார்க்கும் என்று உத்தரவு வந்தது.

இயக்குநர் கூட்டம் போட்டார்.

"எல்லா வகையும் அன்னிக்குக் காய்ச்சிருக்கணும்."

"சார், ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு சமயத்துல காய்க்கும். அதுதான் சார் பல்வகைமை" என்றாள் என் கொழுந்தியாள்.

"அது ஒழுங்கில்லாத பல்வகைமை. நமக்கு வேண்டியது ஒழுங்கான பல்வகைமை. ஒரே நாள், ஒரே அளவு, ஒரே நிறம்."

"அப்போ எல்லாம் ஒரே வகையா ஆயிடுமே சார்?"

"அப்பாடா, இப்பவாவது புரிஞ்சுதே!"

பிறகு தோட்டத்தைச் சுற்றி வந்தார். சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் வந்ததும் நின்றார். சிடுமூஞ்சியில் ஒரு பிஞ்சு இல்லை.

"இது ஏன் சும்மா நிக்குது?"

"இதுக்கு இன்னும் பருவம் வரல சார்" என்றாள் கொழுந்தியாள்.

"பருவம் பார்த்தா நான் ஆபீசுக்கு வர்றேன்? ஒரு மெமோ கொடுங்க."

"யாருக்கு சார்?" என்று கேட்டேன்.

"மரத்துக்குத்தான். உங்களுக்குக் கொடுத்தா அது காய்ச்சிடுமா?"

நியாயமான கேள்வி. நான் எத்தனையோ பேருக்கு மெமோ எழுதியவன்; ஒரு மரத்துக்கு எழுதக் கை கூசுமா? 'பல்வகைமை நாளை முன்னிட்டு உரிய தேதிக்குள் காய்க்குமாறு வாய்மொழியாக அறிவுறுத்தப்பட்டும், தாங்கள் வேண்டுமென்றே காய்க்காமல் நின்றுகொண்டிருப்பது தெரியவருகிறது. தங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு விளக்கம் அளிக்கவும்.' ஆணி அடித்தால் அரசு உடைமைக்குச் சேதம் என்பதால் சணல் கயிற்றால் கட்டினோம். மரம் பதில் எழுதவில்லை. நினைவூட்டும் கடிதம் கட்டினோம். அதற்கும் பதில் இல்லை. மௌனம் சம்மதம் என்று இயக்குநர் முடிவு செய்து, மரத்தை வெட்டி அப்புறப்படுத்தக் கோப்பு தயாரிக்கச் சொன்னார்.

அன்று மாலை வீட்டுக்குப் போனால் காபி இல்லை. மேசையில் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர் இருந்தது. அக்காவும் தங்கையும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"என் தங்கச்சி வாழ்க்கையை வெட்டறதுக்கு நீங்க கோப்பு எழுதுறீங்களாமே?" என்றாள் மனைவி.

"நான் வெட்டலடி. நான் எழுதத்தான் செய்யறேன்."

"அத்தான், பூத்து முடியற வரைக்கும் மட்டும் நிறுத்தி வையுங்க. உங்க கால்ல வேணா விழறேன்" என்றாள் கொழுந்தியாள். குரல் உடைந்துவிட்டது. எனக்கே சங்கடமாகிவிட்டது. பச்சைத் தண்ணீரை இரண்டு மடக்குக் குடித்தேன். அனுபவம் ஒரு வழி சொன்னது.

மறுநாள் இயக்குநர் அறைக்குப் போனேன்.

"சார், விசாரணை இல்லாம ஒரு ஊழியரை ஒரேயடியா நீக்கினா நாளைக்கு யாராவது கோர்ட்டுக்குப் போவாங்க."

"மரம் போகுமா?"

"மரம் போகாது சார். மரத்துக்கு வேண்டியவங்க போவாங்க."

அவர் முகம் வெளுத்தது. "அப்போ என்ன பண்ணலாம்?"

"விசாரணை முடியற வரைக்கும் சஸ்பெண்ட் பண்ணி வைப்போம் சார்."

அன்று மாலை காபி கிடைத்தது.

சிடுமூஞ்சி முறைப்படி பணியிடை நீக்கம் செய்யப்பட்டது. அனுமதி இல்லாமல் தலைமையிடத்தை விட்டு வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையை இவ்வளவு கச்சிதமாகக் கடைப்பிடித்த ஊழியரை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. சஸ்பெண்ட் ஆனவருக்குப் பாதிச் சம்பளம் என்பது விதி. மரத்துக்குச் சம்பளம் தண்ணீர்தானே? பாதித் தண்ணீர் என்று உத்தரவு போட்டோம்.

இலையெல்லாம் கொட்டியது. சரி, கதை முடிந்தது என்று நினைத்தேன். ஒரு மழை பெய்தது. அடுத்துப் பார்த்தால், கிளைக்குக் கிளை வெள்ளை வெளேரென்று பூ!

"தண்ணியைக் குறைச்சாத்தான் அத்தான் கொய்யா நல்லாப் பூக்கும்" என்று குதித்தாள் கொழுந்தியாள். "உங்க சஸ்பெண்ட் உத்தரவு மாதிரி ஒரு உரமே கிடையாது!"

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பது மரத்துக்கும் பொருந்தும் போலிருக்கிறது. அவள் சர்க்கரைக்கட்டியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து, விரியப்போகும் மொட்டுகளில் தூரிகையால் தடவி, வேறு மகரந்தம் கலக்காமல் ஒவ்வொன்றுக்கும் காகிதப் பை கட்டினாள். அந்த வழியாக வந்த இயக்குநர் அதைப் பார்த்துவிட்டார்.

"பூவை எதுக்கு மூடி வச்சிருக்கீங்க? வெளிப்படைத்தன்மை வேண்டாமா?"

"விசாரணை முடியற வரைக்கும் ரகசியம் காக்கணும் சார்" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று நகர்ந்தார்.

பல்வகைமை நாள் வந்தது. முக்கால்வாசி மரங்களில் காய் இல்லை. அதற்காக அரசு விழா நிற்குமா? சந்தையிலிருந்து கூடை கூடையாகக் கொய்யா வாங்கி, கிளைகளில் நூலால் கட்டித் தொங்கவிட்டோம். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். அவசரத்தில் சில பழங்களில் கடைக்காரர் ஒட்டிய லேபிளைக் கிழிக்க மறந்துவிட்டோம். ஆய்வுக் குழுத் தலைவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரு லேபிளைப் படித்தார்.

"'முதல் தரம்.' அற்புதம்! உங்க மரங்க தங்களுக்குத் தாங்களே தரச்சான்று கொடுக்குதே!" ஒன்றைப் பறித்துத் தின்றார். அடுத்த மரத்திலும் பறித்துத் தின்றார். "எத்தனை வகை! எல்லாம் ஒரே ருசி! இதுதான் பல்வகைமையோட உச்சம். இனிமே தோட்டம் முழுக்க இதையே வையுங்க."

சந்தைப் பழம் எந்த மரத்துப் பழம் என்று யாருக்குத் தெரியும்? ருசியில் கிட்டத்தட்ட ஒத்துவருவது சர்க்கரைக்கட்டி என்று முடிவாயிற்று. மற்ற மரங்களை வேரோடு பிடுங்கிவிட்டு, சர்க்கரைக்கட்டியின் பதியன் கன்றுகளை வரிசை வரிசையாக நட்டார்கள். ஒரே தாயின் கிளைகள், அச்சில் வார்த்த மாதிரி. வாசலில் 'பல்வகைமைப் பூங்கா' என்று பலகை வைத்தார்கள். சிடுமூஞ்சியை மட்டும் தொட முடியவில்லை. விசாரணை நிலுவையில் இருந்தது. விசாரணை அதிகாரி நான். எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

சிடுமூஞ்சியில் காகிதப் பைக்குள் இருந்த காய்கள் பழுத்தன. அங்கீகரிக்கப்படாத கன்றுகளுக்குப் பல்வகைமைப் பூங்காவில் இடம் இல்லை என்பதால், அவற்றின் விதைகள் என் வீட்டு மொட்டை மாடியில் தொட்டிகளில் முளைத்தன. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்றின் இலை பளபளப்பு, ஒன்றின் இலை சுருக்கம். கொழுந்தியாள் காலையில் வந்து ஒவ்வொன்றையும் விசாரித்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள்.

கன்றுகள் மரமாகி, மாடியில் சில பூக்கத் தொடங்கிய சமயம், தோட்டத்துக்குள் வாடல் நோய் வந்தது. ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வந்தது. முதல் வரிசை மஞ்சளாகும்போதே கடைசி வரிசையும் தயாராகிவிட்டது. பலகைக்குப் பின்னால் பச்சையாக மிஞ்சியது சிடுமூஞ்சி ஒன்றுதான்.

இயக்குநருக்கு ஞானோதயம் ஆயிற்று. "இந்த மரத்துக்கு அநியாயம் பண்ணிட்டோம். உடனே பணியில சேர்த்துக்குங்க. முழு மரியாதையோட."

"நன்றி சார்" என்று கொழுந்தியாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நிலுவைத் தண்ணியையும் கொடுத்துடுங்க."

"எந்தத் தண்ணி சார்?"

"இத்தனை நாளா பிடிச்சு வச்ச பாதித் தண்ணி. மொத்தமா ஒரே தவணையில!"

"ஐயோ, வேண்டாம் சார்! வேர் அழுகிடும்!"

"அதோட உரிமையைத் தடுக்க நீங்க யாரும்மா?"

லாரி லாரியாகத் தண்ணீர் வந்தது. கொழுந்தியாள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டினாள். நானும் வெட்டினேன். வெட்ட வெட்ட லாரி வந்துகொண்டே இருந்தது. தண்டனையில் பூத்த மரம் மரியாதையில் செத்தது. அவள் சைக்கிள் கொட்டகையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். நான் மண்வெட்டியைச் சாத்தி வைத்தேன். அந்த மெமோவில் இருந்த 'தாங்கள்' என்ற சொல்லை நான் கிண்டலாகத்தான் எழுதியிருந்தேன்.

அழுதுகொண்டிருந்தால் கோப்பு நகராது. பணியில் இருக்கும்போது இறந்த ஊழியரின் வாரிசுக்குக் கருணை அடிப்படையில் வேலை உண்டு. சிடுமூஞ்சியின் வாரிசுகள் என் மொட்டை மாடியில் இருந்தன. எழுதினேன். இயக்குநர் மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டார், போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஆனா ஒரு குடும்பத்துக்கு ஒரு வேலைதான்."

"சார், எல்லாப் பிள்ளையும் வேணும் சார்" என்றாள் கொழுந்தியாள். "ஒண்ணையே நட்டா மறுபடியும் இதே கதைதான்."

"விதி எல்லாருக்கும் பொதுவானதும்மா."

வாரிசைத் தேர்ந்தெடுக்க எங்கள் மாடிக்கே வந்தார். அக்கம்பக்கத்தாரும் வந்தார்கள். காய்த்திருந்த ஒவ்வொன்றையும் நறுக்கித் தட்டில் வைத்தாள் கொழுந்தியாள். "இது நோயைத் தாங்குது, கொஞ்சம் புளிப்பு. இது வறட்சியைத் தாங்கும், விதை கொஞ்சம் ஜாஸ்தி. இது தேன் மாதிரி இருக்கும், ஆனா நோயைத் தாங்குமான்னு இன்னும் தெரியாது." தேன் என்ற சொல்லுக்குப் பிறகு அவள் பேசியது யார் காதிலும் விழவில்லை. இயக்குநர் கை அந்தத் தட்டுக்குப் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் கையும், என் மனைவியின் கையும் போயின. என் கை எல்லோருக்கும் முன்னாலேயே போயிருந்தது. சிரிக்காதீர்கள். பழக்கடையில் நிற்கும்போது உங்கள் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா?

அந்த ஒன்றையே பதியன் போட்டு, தோட்டம் முழுக்க நட்டார்கள். பழைய பலகையே இருந்தது, செலவு மிச்சம்.

வேலை கிடைக்காத பிள்ளைகள் மாடியிலேயே தங்கிவிட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி ஈரத்துணி வாளியோடு அவற்றுக்கு நடுவில் நின்று கத்தினாள்.

"துணி காயப்போட இடமில்ல! மத்தது காய்ச்சாவது தொலைக்குது. இந்தச் சுருக்கம் பிடிச்சது பூக்கவே இல்ல. மூஞ்சியைப் பாரு, அப்படியே அதோட அம்மா. இதையாவது தூக்கிப் போடுங்க!"

நான் தொட்டியில் கை வைத்தேன். தங்கைக்காரி பக்கத்தில்தான் நின்றாள். என்னையே பார்த்தாள். என் வீட்டில், முதல்முறையாக, என்னை அப்படிக் கூப்பிட்டாள்.

"சார், விளக்கம் கேட்காம எப்படித் தூக்குவீங்க?"

கையை எடுத்தேன். கீழே போய்க் காகிதமும் சணலும் கொண்டுவந்தேன். 'தாங்கள்' என்று தொடங்கி, இந்த முறை மனதார எழுதி, செடியில் கட்டினேன்.

"இந்த விசாரணை எப்போ முடியும்?" என்றாள் மனைவி.

"அது காய்ச்சதும்."

அன்றிலிருந்து அதற்குப் பாதித் தண்ணீர். எனக்குப் பாதிக் காபி.