மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் தெரியும்

“மாப்ளே, கிராஃபிக்ஸ் கார்டு எத்தனை ஜிபி போடலாம்னு நினைக்கிறீங்க?”

கலீமுல்லா இப்படிக் கேட்டபோது ஹஸனின் வாயில் முழு சமோசா ஒன்று இருந்தது. நல்லதாகப் போயிற்று. மெல்லுகிற சாக்கில் கொஞ்சம் யோசிக்கலாம். ஆனால் யோசிப்பதற்கு அவன் மண்டையில் சரக்கு இல்லை. கிராஃபிக்ஸ் கார்டு என்பது ரேஷன் கார்டு மாதிரி கையில் வைத்துக்கொள்கிற பொருளா, கல்யாணக் கார்டு மாதிரி அடுத்தவருக்குக் கொடுக்கிற பொருளா என்பதுகூட அவனுக்குத் தெரியாது.

ஹஸன் தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் ஏ.சி. பிளான்ட்டைப் பார்த்துக்கொள்பவன். பட்டுப்புடவை மாடியில் பெண்களுக்கு வியர்க்கக் கூடாது, குழந்தைகள் பிரிவில் யாருக்கும் தும்மல் வரக் கூடாது; அவ்வளவுதான் அவன் உத்தியோகம். விசிட்டிங் கார்டில் ‘ஏ.சி. சிஸ்டம்ஸ் எக்ஸிகியூட்டிவ்’ என்று போட வேண்டியதை, அச்சடித்தவன் முதல் இரண்டு எழுத்தை விழுங்கிவிட்டு ‘சிஸ்டம்ஸ் எக்ஸிகியூட்டிவ்’ என்று போட்டுவிட்டான். கேட்பதற்குக் கம்பீரமாக இருக்கிறதே என்று ஹஸனும் சும்மா இருந்துவிட்டான். கல்யாணம் பேசி முடித்த பிறகு அசோக் நகரில் பெண் வீட்டு விருந்துக்கு முதல்முறையாக வந்தவன், மரியாதைக்கு அந்தக் கார்டை வருங்கால மாமனாரிடம் நீட்டினான். வினை அங்கே ஆரம்பித்தது.

“சிஸ்டம்ஸா! அட, நம்ம வீட்டுக்கே கம்ப்யூட்டர் ஆள் வந்துட்டீங்களே!” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தார் கலீமுல்லா. சோபா, திரைச்சீலை வியாபாரம் செய்பவர். எதைப் பேசினாலும் துணியைத் தடவிப் பார்ப்பது போல விரல்களை உரசிக்கொண்டே பேசுவார். “நம்ம பொண்ணு மெஹக் கம்ப்யூட்டர் கேமுக்கெல்லாம் படம் வரையற வேலை பாக்குறா, தெரியும்ல? ராட்சசன், கோட்டை, பறக்கற குதிரை, எல்லாம் இவ கைவேலை. ஆனா மிஷின் ஆபீஸோடது. நாளைக்கே திருப்பிக் கேட்டா குடுத்துடணும்.”

“ஆமா மாமா, குடுத்துடணும்.”

“கல்யாணத்துக்கு அப்புறமும் அவ இந்த வேலையை விடக் கூடாது மாப்ளே. அதுக்கு அவளுக்குன்னு சொந்தமா ஒண்ணு வேணும். பார்ட் பார்ட்டா வாங்கி மாட்டினா கம்மியா முடியுமாம். எண்பதாயிரம் எடுத்து வச்சிருக்கேன், அதுக்கு மேல என்னால இழுக்க முடியாது. நீங்களே பாத்துச் செஞ்சு குடுத்துடுங்க. அவகிட்ட மூச்சு விடக் கூடாது. சர்ப்ரைஸ்!”

அந்த நிமிடம் ஹஸன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் உள் அறைத் திரை விலகி, மெஹக் ஒரு நொடி எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் ‘தெரியாது’ என்ற சொல் எந்த ஆணுக்கு வரும்?

“உங்களுக்குத் தெரியும்ல மாப்ளே?”

“நல்லாத் தெரியும் மாமா.”

வீட்டை விட்டு வெளியே வந்ததும் முதல் வேலையாகக் குல்ஷன் பூபிக்குப் போன் போட்டான். அப்பாவின் தங்கையான அவர்தான் இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவர். முடித்த கையோடு உம்ராவுக்குப் போய்விட்டார். பெண் வீட்டில் தன்னைப் பற்றி என்ன அளந்து விட்டிருக்கிறார் என்று தெரிந்தாக வேண்டும்.

“பூபி, என்னைப் பத்தி அவங்க கிட்ட என்ன சொன்னீங்க? கம்ப்யூட்டர் பத்தி ஏதாவது...”

போனில் மெக்கா நகரத்துக் கூட்டம் முழுவதும் இரைந்தது. நடுவில் பூபியின் குரல்: “கம்ப்யூட்டரா? ஆமாடா, அதைப் பத்திதான் உனக்காக ஒரு வாக்குக் குடுத்திருக்கேன்! அந்த வாக்கை மட்டும் காப்பாத்திடு! இல்லன்னா இந்தச் சம்பந்தம்...”

லைன் அறுந்துபோயிற்று. ஆக, பூபி ஏற்கெனவே அளந்துவிட்டார். பையன் கம்ப்யூட்டர் புலி என்று சொல்லித்தான் பெண் எடுத்திருக்கிறார். இனிப் பின்வாங்கினால் தான் பொய்யன், பூபி பொய்க்காரி, நிக்காஹ் காலி.

அடுத்த விடுமுறையன்று கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவில் போய் நின்றான். தெருவெல்லாம் ஒயரும் மனிதர்களுமாகப் பின்னிக் கிடந்தது. ஒரு சின்னக் கடையில் டில்லிபாபு என்கிறவர் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னா பாய் வோணும்?”

“கேமிங் பிசி. பார்ட் பார்ட்டா.”

“இன்டெலா, ஏஎம்டியா?”

ஹஸனுக்கு இது பிரியாணியில் மட்டனா சிக்கனா என்று கேட்பது போலப் பட்டது. “ரெண்டும் கலந்து போடுங்க” என்றான்.

டில்லிபாபு டீயைக் கீழே வைத்தார். “நல்லா காமெடி பண்றே நைனா” என்றார். கம்ப்யூட்டர் தெரிந்தவன் நக்கல் அடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டவர், அதற்கப்புறம் எதையும் விளக்கிச் சொல்லவில்லை. ஒரு ப்ராசஸரை எடுத்துக் கொடுத்தார். ஹஸனும் எல்லாம் தெரிந்தவன் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கிக்கொண்டான். நாலு கடை தள்ளி மதர்போர்டு ஒன்றுக்குத் தள்ளுபடி என்று எழுதிப் போட்டிருந்தது. பட்ஜெட் மிச்சமாகுமே என்று அதை அங்கே வாங்கினான்.

மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டுப் பக்கத்துச் சந்தில் இருந்த வீட்டுக்கு வந்து இரண்டையும் பிரித்தபோது, ஒன்று இன்னொன்றில் உட்கார மாட்டேன் என்றது. ப்ராசஸர் ஒரு கம்பெனிக்கு உரியது, மதர்போர்டு இன்னொரு கம்பெனிக்கு உரியது. கேட்டபடியே ரெண்டும் கலந்துதான் கிடைத்திருந்தது.

தள்ளுபடியில் விற்றதைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள் அந்தக் கடையில். டில்லிபாபு மனமிரங்கி ப்ராசஸரை மாற்றிக் கொடுத்தார். ஆனால் அந்த போர்டுக்குப் பொருந்துகிற ப்ராசஸர் இன்னும் விலை கூடியது.

அன்று சாயங்காலமே கலீமுல்லா போன் செய்தார்.

“மாப்ளே, என் சிநேகிதர் ஒருத்தர் சொன்னார், கிராஃபிக்ஸ் கார்டு பெருசாப் போடணுமாம். பெருசாத்தானே பாத்திருக்கீங்க?”

“ரொம்பப் பெருசு மாமா” என்றான் ஹஸன், இன்னும் அந்தப் பொருளைக் கண்ணால் பார்க்காமலே.

வாக்கு வாக்குதான். மறுநாளே போய்க் கடையில் இருந்ததிலேயே நீளமான கார்டாகப் பார்த்து வாங்கினான். மூன்று விசிறிகளோடு பார்க்கவே ஜம்மென்று இருந்தது. ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த கேபினட் பெட்டிக்குள் வைத்தால் நாலு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டது. சின்னக் கட்டிலில் படுத்த நெட்டையன் மாதிரி.

“இன்னா பாய், கேபினட் அளவு பாக்காமயா வாங்கினே?” என்றார் டில்லிபாபு. “கார்டு உள்ள போவணும்னா பெரிய கேபினட் வோணும்.”

பெரிய கேபினட் வந்தது. பீரோவின் தம்பி அளவு. ஸ்கூட்டரில் வைக்க முடியவில்லை. ஆட்டோவில் அதை உட்கார வைத்துவிட்டு, ஹஸன் டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டு வந்தான். வாசலில் நின்று பார்த்த அவன் அம்மா அமீனா பீ, “ஏன்டா, சீர் பொண்ணு வீட்டுலருந்து நமக்கு வரும்பாங்க. நம்ம வீட்டுல இருந்தா போகுது?” என்று கேட்டார்.

“இது வேற அம்மா. வாக்கு.”

“வாக்கு இவ்ளோ பெருசா இருக்கு?”

ரேம் வாங்கப் போனபோது அது தங்கம் போல ஆகியிருந்தது. “உலகம் பூரா டிமாண்டு பாய். காலைல ஒரு ரேட்டு, மத்தியானம் ஒரு ரேட்டு. யோசிச்சுக்கினு நின்னீன்னா இன்னும் ஏறும்” என்றார் டில்லிபாபு. ஹஸன் யோசிக்காமல் வாங்கினான். மாமனாரின் எண்பதாயிரம் அங்கேயே தீர்ந்துபோயிற்று.

எப்படியோ எல்லாவற்றையும் மாட்டிப் பட்டனை அழுத்தினான். விசிறிகள் சுற்றின. கலர் கலராக விளக்கு எரிந்தது. திரை மட்டும் அமாவாசையாக இருந்தது. எரித்துவிட்டோமா? அவனுக்குத் தெரிந்த துவாவெல்லாம் ஓதினான். ஒயர்களைப் பிடுங்கிச் செருகினான். கடைசியில் வீடியோ ஒன்றைப் பார்த்துத்தான் விளங்கியது: மானிட்டர் ஒயரைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருந்தான்.

திரை வந்தது. ஜவுளிக்கடையில் ஒரு நண்பன் கொடுத்த கேமைப் போட்டுப் பார்த்தான். கோட்டை தெரிந்தது. கோட்டைக் கதவு திறந்தது. ராட்சசன் தலையை நீட்டினான். பொத்தென்று எல்லாம் அணைந்துபோயிற்று.

“கரண்டு குடுக்கற எஸ்எம்பிஎஸ் பத்தல” என்றார் டில்லிபாபு போனில். “அம்மாம் பெரிய கார்டு கரண்டு இழுக்காதா? பெருசா மாத்தணும் நைனா.”

கல்யாணமான புதிதில் இருக்கட்டுமே என்று, மாடி அறைக்குத் தன் தொழிலுக்கு மரியாதையாக ஒரு நல்ல ஏ.சி. வாங்கி வைத்திருந்தான் ஹஸன். இன்னும் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. அதைத் திருப்பிக் கொடுத்து, மானிட்டருக்கு வைத்திருந்த பாக்கியை அடைத்துவிட்டு எஸ்எம்பிஎஸ் வாங்கினான். ஊரெல்லாம் குளிரவைக்கிறவன் வீட்டில் மின்விசிறிதான் என்று ஆகிவிட்டது.

இதற்கிடையில், யாராவது திடீரென்று ஏதாவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் ஹஸன் படிக்க ஆரம்பித்தான். பஸ்ஸில் வீடியோ, சாப்பாட்டு இடைவேளையில் வீடியோ. பிளான்ட் ரூமில் கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, சாக்கெட், வாட்ஸ், பிரேம் ரேட் என்று முணுமுணுத்தான். படிக்கப் படிக்க விவரம் தெரிந்தது. விவரம் தெரியத் தெரியப் பயம் அதிகமானது. முன்பு ஒன்றும் தெரியாது என்கிற ஒரே பயம்தான். இப்போது எது எது கெட்டுப்போகும் என்பது தனித்தனியாகத் தெரிந்தது.

ஒரு விஷயம் மட்டும் வீடியோ இல்லாமலே விளங்கியது. எல்லா விசிறிகளும் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தன. சூடு வெளியே போக வழியில்லை. பத்து வருஷம் ஏ.சி. காற்று போகிற டக்ட் வேலை பார்த்தவனுக்கு இது தெரியாதா? மேலேயும் பின்னேயும் இருந்தவற்றைத் திருப்பி மாட்டினான். சூடு சர்ரென்று இறங்கியது. அதன் பிறகு ராட்சசன் கோட்டை முழுவதும் ஓடித் திரிந்தும் மிஷின் அணையவில்லை. ஹஸன் ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்து அதைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கையால் ஒரு கம்ப்யூட்டரைக் கட்டிவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அசோக் நகரில், கலீமுல்லா தன் கடையிலேயே உசத்தியான திரைச்சீலையை மிஷின் மேல் போர்த்தி வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டார். மெஹக் வந்தாள். பின்னாலேயே அவள் தங்கை, கல்லூரியில் படிக்கிற தூபாவும் வந்தாள். கலீமுல்லா துணியை உருவினார்.

மெஹக் வாயைப் பொத்திக்கொண்டாள். மண்டியிட்டு உட்கார்ந்து கண்ணாடி வழியே உள்ளே பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. “எனக்கா அப்பா? எனக்கே எனக்கா?”

“உனக்கேதான்! பார்ட்டெல்லாம் செலக்ட் பண்ணி மாட்டினது யாரு தெரியுமா? மாப்ளை! ஒண்டி ஆளா!”

மெஹக் திரும்பி ஹஸனைப் பார்த்தாள். “நீங்களா?”

“நானேதான்.”

“இல்ல... கடையில யாராவது சொல்லிக் குடுத்திருப்பாங்க, அப்படியே வாங்கியிருப்பீங்க?”

பரீட்சை வந்துவிட்டது என்று ஹஸனுக்குப் புரிந்தது. இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் இந்த நிமிடத்துக்காகத்தானே? பூபியின் வாக்கு, மாமனாரின் மானம், தன் கல்யாணம் எல்லாம் தன் நாக்கில் நிற்கிறது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

சாக்கெட்டில் தொடங்கினான். இந்தக் கார்டுக்கு ஏன் இந்த ப்ராசஸர், அதற்குக் கீழே போட்டால் எங்கே முட்டும் என்றான். எஸ்எம்பிஎஸ்ஸில் எவ்வளவு மிச்சம் விட வேண்டும், ஏன் விட வேண்டும் என்றான். காற்றோட்டத்துக்கு வந்ததும் தொழில் பாசம் சேர்ந்துகொண்டதால் கையை வீசி வீசி விளக்கினான். கலீமுல்லா பெருமை தாங்காமல் விரல்களை உரசிக்கொண்டே இருந்தார்.

மெஹக் மெதுவாக எழுந்து, மிஷின் முன்னால் உட்கார்ந்து, ஏதோ வரையலாம் என்று மவுஸைப் பிடித்தாள்.

“இருங்க இருங்க, அப்படி இல்ல” என்றான் ஹஸன். “முதல்ல செட்டிங்ஸ்ல ஒண்ணு மாத்தணும். உங்களுக்கு வராது, விடுங்க, நான் பண்றேன்.” அவள் கையிலிருந்து மவுஸை வாங்கிக்கொண்டான்.

மெஹக் காலியான தன் கையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு எழுந்து விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். அறைக் கதவு சாத்திக்கொண்டது.

“வெட்கம்” என்றார் கலீமுல்லா, சந்தோஷமாக. டீ சொல்ல அவரும் உள்ளே போனார்.

ஹஸன் நாற்காலியில் சாய்ந்தான். எவ்வளவு நாளுக்குப் பிறகு முழு மூச்சு விடுகிறான்! தப்பித்தாயிற்று. வாக்கைக் காப்பாற்றியாயிற்று.

அக்காவின் பின்னாலேயே ஓடியிருந்த தூபா மட்டும் திரும்பி வந்தாள். நிக்காஹ் நடக்கும் முன்பே அவனைத் துல்ஹாபாய் என்று அக்கா புருஷன் முறை வைத்துக் கூப்பிட ஆரம்பித்திருந்தவள், இப்போது பேயறைந்த மாதிரி நின்றாள்.

“துல்ஹாபாய், உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்கு நிஜமாவே கம்ப்யூட்டர் தெரியுமா?”

“தெரியுமாவாவது! எது வேணும்னாலும் கேளு, சொல்றேன்” என்றான் ஹஸன் கம்பீரமாக.

தூபா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“போச்சு! ‘கம்ப்யூட்டர் தெரிஞ்சவனைக் கட்டினா என் மிஷின்லயே கை வச்சு எனக்கே பாடம் எடுப்பான்’னு, வந்த மாப்பிள்ளையை எல்லாம் அப்பாவுக்குக் காரணம் சொல்லாமலே வேணாம்னு சொன்னவ அக்கா; ‘எங்க பையனுக்கு மவுஸ் பிடிக்கக்கூடத் தெரியாது, நான் கேரண்டி’ன்னு உங்க பூபி அவகிட்டத் தனியா வாக்குக் குடுத்ததாலதான் உங்களை ஒத்துக்கிட்டா!”