ஏழாம் அத்தியாயத்து வெள்ளரி

காய்கறிகளுக்கு இந்த உலகில் முதன்முதலாக நீதி வழங்கியது சுங்கத்துறைதான். நாமெல்லாம் வெள்ளரிப்பிஞ்சைக் கண்டால் கடித்துவிடுகிறோம். அது உப்பில் ஊறியதா, வினிகரில் ஊறியதா, வரிப் பட்டியலில் எந்த அத்தியாயத்தைச் சேர்ந்தது என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. சுங்கத்துறை கேட்கிறது. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அவ்வளவு விசாரிப்பதில்லை.

இந்த மேன்மை, திண்டுக்கல் குர்ஷித் பேகத்துக்கு ஐம்பத்தைந்து வயதுவரை தெரியாமலே இருந்தது. வத்தலக்குண்டு சாலையில் அவருக்கு ஒரு கொட்டகை. கன்னிவாடிப் பக்கத்து விவசாயிகளிடம் விரல் நீளப் பிஞ்சுகளை வாங்கி, பதினாறு பெண்களை வைத்துத் தரம் பிரித்து, நீலப் பீப்பாய்களில் உப்புத் தண்ணீர் ஊற்றி, பேருக்குக் கொஞ்சம் வினிகர் சேர்த்துக் கப்பலேற்றுவார். போன வருடம் ஒரு தடவை, சரக்கு போய்ச் சேர்வதற்குள் வாங்க வேண்டிய வெளிநாட்டுக் கம்பெனி மூடிவிட்டது. எண்பது பீப்பாய்களும் மூடி திறக்காமல் திரும்பி வந்தன.

குர்ஷித் பேகம் கலங்கவில்லை. பெங்களூரில் வெள்ளரி விற்கிற ஒருவர், பாட்டிலில் அடைத்து இரண்டு மாதத்துக்குள் கொடுத்தால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். கழுவி அடைக்கிற வேலை கொட்டகையிலேயே நடக்கும்; வெள்ளரி இல்லாத மாதங்களிலும் பெண்களுக்குக் கூலி கிடைக்கும். வேலைக்காரிகளில் மூத்தவளான புஷ்பமேரியிடம், திங்கட்கிழமை எல்லாரையும் வரச் சொல் என்று சொல்லிவிட்டுத் துறைமுகத்துக்குப் பஸ் ஏறினார். எந்தத் துறைமுகம் என்பது வேண்டாம். விளம்பரம் விரும்பாத இடம்.

அங்கே கண்காணிப்பாளர் ஈஸ்வரன் அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பொறுமையாக விளக்கினார். கப்பலில் வருவது எல்லாமே இறக்குமதி; சொந்தப் பிஞ்சாக இருந்தாலும் சரி. உப்பில் போட்டு, 'உடனடியாக உண்ணத் தகாத' நிலையில் இருந்தால் அது ஏழாம் அத்தியாயம். வினிகரில் பதப்படுத்தியிருந்தால் இருபதாம் அத்தியாயம். அனுப்பும்போது குர்ஷித் பேகம் ஏழு என்று எழுதியிருந்தார். ஆய்வகமோ வினிகர் இருக்கிறது என்கிறது.

"போனது ஏழு. வந்திருக்கிறது இருபது. அப்ப இது நீங்க அனுப்புன சரக்கு இல்லம்மா, வெளிநாட்டுச் சரக்கு. முழு வரி கட்டணும்" என்றார் ஈஸ்வரன்.

"அப்ப நான் அனுப்புனது எங்க சார்?"

"அதுக்கும் நீங்கதான் விளக்கம் கொடுக்கணும்."

குர்ஷித் பேகம் ஒரு வழி சொன்னார். யாராவது ஒரு பிஞ்சை அப்படியே கடித்து விழுங்கட்டும். விழுங்க முடிந்தால் இருபது என்று ஒப்புக்கொள்கிறேன். நியாயமான யோசனைதான். ஆனால் ஈஸ்வரனுக்கு ரத்தக்கொதிப்பு, உப்பு ஆகாது. குமாஸ்தா சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார், வெளியில் எதையும் தின்னமாட்டார். குர்ஷித் பேகமே தின்னலாம் என்றால் அவர் 'சம்பந்தப்பட்ட தரப்பு'. அந்த அலுவலகத்தில் 'உண்பவர்' என்றொரு பதவி இதுவரை அனுமதிக்கப்படவில்லை. எனவே யார் உண்பது என்று கேட்டுத் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் போனது. ஆறே வாரத்தில் பதில் வந்தது: "எத்தனை உண்ண வேண்டும் என்பதைத் தெரிவிக்கவும்."

இதற்கிடையில் வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து மாதிரி எடுத்தார்கள். கிடங்கின் சூட்டில் உப்புத் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது; பிஞ்சு தண்ணீருக்கு மேலே தெரிந்தால் கெட்டுவிடும். குர்ஷித் பேகம் உப்பு மூட்டையோடு போய், தண்ணீரில் கரைத்து ஊற்றி நிரப்பட்டுமா என்று கேட்டார். ஈஸ்வரன் பதறிப்போனார். பரிசீலனையில் இருக்கிற சரக்கின் தன்மையை மாற்றுவது குற்றம் என்று, அவர் நன்மைக்காகவே, தடுத்துவிட்டார். உப்பு மூட்டை திண்டுக்கல்லுக்குத் திரும்பியது. நல்லவேளை, அதற்கு அத்தியாயம் கேட்கவில்லை.

மூன்றாவது மாதம், பிஞ்சை விளைவித்த பேச்சிமுத்துவைக் குர்ஷித் பேகம் சாட்சியாக அழைத்துப் போனார். எப்படி அடையாளம் தெரியும் என்று கேட்டார்கள். பெற்ற பிள்ளையை எப்படித் தெரியும் என்று அவர் திருப்பிக் கேட்டது பதிவு செய்யப்படவில்லை. மதியம் அவர் தூக்குவாளியைத் திறந்து, தயிர்சோற்றுக்கு வெஞ்சனம் இல்லையே என்று, மேசை மேல் இருந்த மாதிரியிலிருந்து ஒரு பிஞ்சை எடுத்துக் கடித்துக்கொண்டார்.

அறை ஸ்தம்பித்தது.

"எப்படி இருந்தது?" என்றார் ஈஸ்வரன், பேனாவைத் திறந்து.

"கரிக்குது சார். சோத்தோட ஓடிருச்சு."

குர்ஷித் பேகத்தின் முகம் கறுத்ததைப் பார்த்தபின்தான் தான் தின்றது சான்றுப்பொருள் என்று பேச்சிமுத்துவுக்கு உறைத்தது. சோற்றோடு சேர்ந்தால் தகுந்தது, சேராவிட்டால் தகாதது. அப்படியானால் தயிர்சோறு எந்த அத்தியாயம்? தலைமை அலுவலகத்துக்கு இரண்டாவது கடிதம் போனது. திரும்பி வரும் பஸ்ஸில் பேச்சிமுத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். பசிச்சா தின்னத்தானே செய்வாங்க என்று குர்ஷித் பேகம்தான் அவரைத் தேற்றினார்.

எட்டாவது மாதம் ஆணை வந்தது. பதினொரு பக்கம். வெள்ளரியைப் பற்றி அவ்வளவு அழகாக யாரும் எழுதியதில்லை. 'உடனடியாக உண்ணத் தகாதது. ஏழாம் அத்தியாயமே' என்று முடிந்திருந்தது. குர்ஷித் பேகம் ஜெயித்துவிட்டார்.

அதற்குள் பெங்களூர்க்காரர் வேறு இடத்தில் வாங்கிவிட்டார். புஷ்பமேரியும் இன்னும் பத்துப் பேரும் நூல் மில்லுக்குப் போய்விட்டார்கள். பேச்சிமுத்து வெள்ளரியை விட்டு மக்காச்சோளம் போட்டுவிட்டார். துறைமுகக் கிடங்கில் பீப்பாய்கள் வயிறு ஊதி நின்றன. ஒன்றின் மூடியைத் தளர்த்தியதும் கிளம்பிய வாடையில், பக்கத்தில் நின்ற லாரியின் டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஈஸ்வரன் மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியபடி வாழ்த்துச் சொன்னார். "நீங்க சொன்னதுதாம்மா சரி. உண்ணத் தகாதது."

"ஆமா சார்" என்றார் குர்ஷித் பேகம். "இப்ப யாரும் மறுக்க முடியாது."

சரக்கை அழிக்கவும் ஒரு விண்ணப்பம் உண்டு. அதில் 'கெட்டுப்போனதற்கான காரணம்' என்று ஒரு கட்டம். பூர்த்தி செய்யாவிட்டால் அழிக்க அனுமதி கிடையாது என்று ஈஸ்வரன் அக்கறையோடு சொல்லி, தன் பேனாவையே கொடுத்தார். குர்ஷித் பேகம் அதை வாங்கி, கட்டத்துக்குள் அடங்கும்படி எழுதிக் கையெழுத்துப் போட்டார்:

'உப்பில் இருந்தவரை கெடவில்லை. கோப்பில் இருந்து கெட்டது.'