கால் முளைத்த கேரட்

வேர்க்காய்கறி மேம்பாட்டு நிலையம் மக்கள் நலனை முன்னிட்டுத் தொடங்கப்பட்டது. எந்த உரம் போட்டால் கேரட் அதிகமாகவும் தரமாகவும் விளையும் என்று கண்டறிந்து நாட்டுக்குச் சொல்வது அதன் பணி. அதற்காக ஒரு மாடிக் கட்டடமும், ஓர் இயக்குநரும், கட்டடத்துக்குப் பின்னால் இரண்டு பாத்திகளும் இருந்தன.

முதல் பாத்தியின் அதிகாரியை எல்லோரும் சுறுசுறுப்பு என்று அழைத்தார்கள். கொட்டகையிலிருந்து ஆவி பறக்க வரும் சாணத்தை அப்படியே பாத்தியில் கொட்டி, மேலே யூரியாவைத் தூவிவிட்டு, மதியத்துக்குள் கை கழுவிவிடுவார். இரண்டாம் பாத்தியின் அதிகாரிக்குப் பொறுமைசாலி என்று பெயர். சாணம் மட்கி, மண்ணோடு மண்ணாகி, வாடையே இல்லாமல் போன பிறகுதான் தொடுவார். அவர் இன்னும் தகுதிகாண் பருவத்தில் இருந்தார். இந்த அறுவடையை வைத்துத்தான் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் நிலையத்தின் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். அவர் மனைவி அப்போதுதான் சமையலறை ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்து மாட்டியிருந்தார்.

அறுவடை நாள் வந்தது. முந்தைய ஆண்டறிக்கையோடு ஒத்துப்போகாத குற்றத்துக்காகத் தராசுக்குச் சீல் வைக்கப்பட்டிருந்தது. எனவே மகசூலை எண்ணிப் பார்ப்பதென்று முடிவாயிற்று. இயக்குநர் நாற்காலியை விட்டு எழும் சிரமம் நேராதபடி, கேரட்டுகளின் நுனி அவரைப் பார்க்குமாறு பெட்டிகளில் அடுக்கினார்கள். அவர் ஒரு குச்சியால் நுனிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

பச்சைச் சாணத்தில் வளரும் கேரட் நேராக இறங்காது, கிளை விடும். சுறுசுறுப்பின் கேரட்டுகளில் சிலவற்றுக்கு இரண்டு கால், சிலவற்றுக்கு மூன்று. ஒன்று சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

“பிரமாதம்! ஒரே விதை, மூணு மடங்கு மகசூல்!” என்றார் இயக்குநர்.

“சார், அது மூணு இல்ல. ஒண்ணுதான். கால்தான் மூணு” என்றார் பொறுமைசாலி.

“நுனி எத்தனை?”

“மூணு.”

“நாம எண்ணுறது எதை?”

“நுனியை.”

“அப்புறம் என்ன?”

இயக்குநர் குச்சியை இரண்டாம் பாத்தியின் பெட்டிப் பக்கம் திருப்பினார். “உங்க கேரட்டைப் பாருங்க. ஒண்ணுக்கு ஒண்ணு. அதுங்ககிட்ட ஏதாவது முயற்சி தெரியுதா?”

“நேரா இருக்கு சார். இனிப்பா இருக்கு. தரத்தைப் பாத்தா...”

“தரத்துக்கு என்னய்யா சாட்சி?”

“ஒரு கடி கடிச்சுப் பாருங்க சார்.”

“ஆய்வுப் பொருளைத் தின்னா ஒழுங்கு நடவடிக்கை. தெரியுமில்ல?”

‘பன்முக வேர் வளர்ச்சி’ என்ற மகத்தான கண்டுபிடிப்பு அந்த வாரமே நாட்டுக்கு அறிவிக்கப்பட்டது. நாடும் காத்திருந்ததுபோல ஏற்றுக்கொண்டது. கடைகளில் ஐந்துகால் கேரட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஒற்றைக் கேரட் தின்பவர்களுக்கு முடிவெடுக்கும் திறன் குறையும் என்று தொலைக்காட்சியில் ஒரு நிபுணர் எச்சரித்தார். “எங்க வீட்ல நாலு காலுக்குக் கீழ வாங்குறதே இல்லை” என்று மாடிப்படிகளில் நின்று பேசிக்கொண்டார்கள். நேரான கேரட்டை வாங்க வேண்டியிருந்தவர்கள் பைக்குள் அடியில் போட்டு, மேலே கீரையை வைத்து மூடி எடுத்துப்போனார்கள்.

“நீங்களும் கொஞ்சம் பச்சைச் சாணத்தைப் போட்டாத்தான் என்ன?” என்றார் பொறுமைசாலியின் மனைவி. “கேரட்டுக்குக் கால் முளைக்கலன்னா நமக்குத்தான் முளைக்கும். பெட்டியைத் தூக்கிட்டு நடக்கணும்.”

“போடலாம். ஆனா அப்புறம் அதை யாரு தின்பாங்க?”

“தின்னு பாத்தா ஊர் பேசுது?”

மறுநாள் இயக்குநரிடமிருந்து அழைப்பு வந்தது. பொறுமைசாலி ஜன்னல் திரையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

இயக்குநர் கதவைத் தாழிட்டார். வலது கட்டைவிரலில் பெரிய கட்டு.

“உக்காருங்க. வீட்ல தோல் சீவுற வேலை என்கிட்ட வந்துடுச்சு. கண்டுபிடிச்சவர்தானே, நீங்களே சீவுங்கன்னுட்டாங்க. கால் இடுக்கு பூரா மண்ணுய்யா. கத்தியும் நுழையல, விரலும் நுழையல. வெந்தாலும் நார் நாரா நிக்குது.” குரல் இன்னும் இறங்கியது. “உங்க பாத்தியில நேரா ரெண்டு கிடைக்குமா?”

“சார், அது ஆய்வுப் பொருள்.”

“வீட்ல வச்சு ஆய்வு பண்றேன்யா!”

இரண்டு கேரட் போயிற்று. பிறகு மேலதிகாரி வீட்டுக்கு ஒரு கூடை. அவருக்கும் மேலதிகாரி வீட்டுக்கு, துணி போர்த்தி, ஒரு கூடை. சுறுசுறுப்பே ஒருநாள் கொட்டகைக்குப் பின்னால் நின்று, “அண்ணே, மாமியாருக்குப் பல்லு சரியில்லை” என்று பையை நீட்டினார்.

மாதக் கடைசியில் உத்தரவு வந்தது: ‘இரண்டாம் பாத்தியின் அதிகாரி மகசூல் குறைவுக்காகக் கடுமையாகக் கண்டிக்கப்படுகிறார். அதே தவற்றை, அதே பாத்தியில், ஓய்வுபெறும் வரை தொடர்ந்து செய்துவருமாறு அவர் நிரந்தரமாகப் பணிக்கப்படுகிறார்.’

பொறுமைசாலி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார். கையில் அவர் பாத்தியின் கேரட்டுகள், மெழுகுவத்திபோல நேராக.

“நிரந்தரம்!” என்று கத்தினார்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த நொடி அவர் கையைப் பார்த்துப் பதறினார். “ஐயோ, அதை ஏன் வாசல் வழியா கொண்டுவர்றீங்க? சுறுசுறுப்போட வீட்டம்மா உள்ள உக்காந்திருக்காங்க. நான் ஆறுகால் வாங்கி ஆக்கி வச்சிருக்கேன். நிரந்தர உத்தியோகம் பாக்குறவர் வீட்ல ஒத்தைக் கேரட்டா?”

சுறுசுறுப்பின் மனைவி தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மூவரும் சாப்பிட்டார்கள். மூவர் பல்லிலும் மண் நறநறத்தது.

“அருமை” என்றார் விருந்தாளி.

“அருமைதான்” என்றார் மனைவி.

இருவரும் பொறுமைசாலியைப் பார்த்தார்கள். புதுத் திரை காற்றில் லேசாக ஆடியது. அவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்து, வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, இன்னொரு கால் கேட்டார்.