மண்ணூர்பேட்டையில் ஒரு பேங்காக்

கேட்டதைக் கொடுக்காமலேயே கூட்டம் சேர்த்த ஓட்டல்காரர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் மண்ணூர்பேட்டையில் இருந்தார். பேங்காக் அண்ணாத்தே என்றால் எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயரைக் கேட்டால், "அத்த வச்சிகினு இன்னா பண்ணப் போற நைனா? குந்து!" என்பார். உட்கார்ந்துவிடுவோம்.

அவருடையது தனிக் கடை இல்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குப் பின்னால், ஒரு காலத்தில் லேத் பட்டறையாக இருந்த கொட்டகையை அதன் முதலாளி மூன்று பேருக்குப் பொதுச் சமையலறையாக விட்டிருந்தார். வாசலருகே பாய் பிரியாணி. நடுவில் ஸ்டெல்லா அக்காவின் கேக். கோடியில் இரண்டே மேசைகளோடு அண்ணாத்தேயின் தாய்லாந்து. தேங்காய்ப்பால் குழம்பும் சோறும் மெஸ் சாப்பாட்டு விலைக்குக் கிடைக்கும். தென்காசியிலிருந்து வந்து அம்பத்தூர் ஃபிளாட்டில் தனியே கிடந்த என்னைப் போன்ற ஐ.டி. ஆளுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் மனிதர் மனசு வைக்க வேண்டும்.

மெனு கிடையாது. முகத்தைப் பார்த்து, "உனக்கு இன்னிக்கு புளிப்புதான்" என்று தீர்ப்பு சொல்வார். என்னோடு வேலை பார்க்கும் கார்த்திக் ஒருநாள் விவரம் தெரியாமல் தக்காளி சாஸ் கேட்டுவிட்டான். தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"எங்கண்ணே கொண்டுபோறீங்க?"

"சோறு அழுவுதுப்பா. சமாதானம் பண்ணி இட்டாறேன்."

அதன் பிறகு தண்ணீர் வேண்டுமென்றால்கூட கார்த்திக் என்னைத்தான் அனுப்புவான்.

தட்டை வைத்ததும் கண்ணை மூடி, கைகூப்பி, "யா ஹை க்ரதியம் மை" என்பார். தாய்லாந்து பாஷையில் ஆசீர்வாதமாம். நாங்களும் பயபக்தியோடு திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கை வைப்போம். பிரியாணி பாய்கூட அண்டாவைத் திறக்கும்முன் ஒருமுறை முணுமுணுப்பார்.

வினை மீன் சாஸ் ரூபத்தில் வந்தது. அண்ணாத்தே அதை வாணலியில் ஊற்றினால் வாசனை மெயின் ரோடு வரை போகும். போகிற வழியில் அது ஸ்டெல்லா அக்காவின் கல்யாண கேக்குக்குள்ளும் புகுந்துவிட்டது.

"கேக்குல கருவாடு வாசனை அடிக்குதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்கய்யா! பாதர் முன்னாடி எம் மானமே போச்சு!" என்று அக்கா கத்தியதில் பாயின் பிரியாணி தம்மே உடைந்தது. முதலாளி வந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் அண்ணாத்தே காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"மீன் சாஸுக்குப் பதிலா சோயா சாஸ் ஊத்துங்கண்ணே, யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "எனக்குத் தெரியும்ல?" என்றார். வாணலியைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

சனிக்கிழமை மதியம், அந்த வாசனையை மோந்துகொண்டே இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். எஸ்டேட்டில் மெஷின் பொருத்த வந்த தாய்லாந்து இன்ஜினியர்கள். ஒரு பெண், ஓர் ஆண். கொட்டகையே மூச்சடக்கியது. அசல் தாய்லாந்துக்காரர்களுக்கு முன்னால் அண்ணாத்தே தட்டை வைத்தார், கைகூப்பினார், ஆசீர்வாதம் செய்தார்.

அந்தப் பெண் விழித்தாள். பிறகு சிரித்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு, இருமல் வரும் வரை சிரித்தாள். கார்த்திக் ஆங்கிலத்தில் விசாரித்துவிட்டு வந்து, தயங்கித் தயங்கிச் சொன்னான்:

"அண்ணே... 'பூண்டைக் கருக விடாதே'ன்னு அர்த்தமாம்."

அண்ணாத்தே வாயைப் பிளந்து நின்றார். அப்புறம் அவரும் சிரித்தார். அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் பேங்காக்கைக் கண்ணால் பார்த்ததே இல்லை. எஸ்டேட் கம்பெனி ஒன்றுக்கு வந்திருந்த தாய்லாந்து அதிகாரி வீட்டில் கார் டிரைவராக இருந்தவர். அந்த வீட்டு அம்மாவிடம் கெஞ்சிச் சமையல் கற்றுக்கொண்டவர்.

"நான் அடுப்பாண்ட நின்னா போதும், அந்தம்மா பின்னால வந்து இதையே சொல்லிக்கினு இருக்கும். வாழ்த்துதுன்னு நென்ச்சேன் நைனா. திட்டிக்கினு இருந்துகீது!"

வந்தவர்கள் தட்டை வழித்துச் சாப்பிட்டு, மறுசோறும் வாங்கினார்கள். ஸ்டெல்லா அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "அப்படி இன்னாதான்யா கீது அதுல?" என்று ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டார். இன்னொரு கரண்டி. பிறகு ஒரு தட்டு.

"இத்தினி நாளா எனக்கு ஏன்யா குடுக்கல?"

"நீ கிட்டவே வரலியே ஸ்டெல்லாம்மா."

அக்கா நேராக முதலாளிக்கு போன் போட்டார். "நடுவுல ஒரு செவுரு எழுப்பிக் குடுங்க சார். அந்தாளு இங்கியே இருக்கட்டும்."

சுவர் வந்தது. அக்காவின் மதியச் சாப்பாட்டுக்காக அதில் ஒரு ஜன்னலும் வந்தது.

பின்னொரு மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்துவிட்டேன். கார்த்திக் சொல்லியிருப்பான் போல. குடை இருந்தும் நனைந்தபடி மூன்று மாடி ஏறி வந்து, சுடச்சுடப் புளிப்பு சூப்பை நீட்டினார் அண்ணாத்தே. குடித்து முடிக்கும் வரை குடையோடு வாசலிலேயே நின்றார். உட்காரச் சொன்னதற்கு, "தரை ஈரமாயிடும் நைனா" என்றார். பிறகு நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அந்த ஃபிளாட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து, என்னைப் பார்ப்பதற்கென்றே கதவைத் தட்டிய முதல் மனிதர் அவர்தான்.