நான் தின்ற விசாக் கடிதம்

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு நாக்குக் குழறும். எனக்கு வாய் சும்மா இருக்காது. எதையாவது மெல்ல வேண்டும். இதை ஒப்புக்கொள்ளும் துணிச்சல் ஐம்பது தாண்டித்தான் வந்திருக்கிறது.

ஃபிஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருடம். எங்கள் ஊரான ரராவாயில் பாதிப் பேர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தான் முன்பே நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குப் போய்விட்டார். அவரிடம் போய்ச் சேர அக்காவுக்குத் தலைநகர் சுவாவில் விசா நேர்காணல், பகல் இரண்டு மணிக்கு. தவறவிட்டால் மறுபடி எப்போது கூப்பிடுவார்களோ தெரியாது. அவளைப் பத்திரமாகக் கூட்டிப்போக வீட்டில் தேர்ந்தெடுத்த வீரன் நான்.

அப்போது நான் கவிஞன். (ஒரே ஒரு புத்தகம் படித்த கவிஞன்.) கல்லூரி நூலகத்தில் கிடைத்த அந்தப் புத்தகம், போருக்குப் பிந்தைய ஐரோப்பியக் கவிதை பற்றியது. தலைவர்கள் மேடையில் முழங்கி முழங்கிச் சொற்களே கெட்டுப்போய்விட்டன என்று அங்கே சில கவிஞர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அதனால் எழுத்துகளைத் தாளில் சிதறவிட்டார்கள். அச்சில் இருப்பது பாதிக் கவிதைதானாம். மீதியை ஒருவர் எழுந்து நின்று, கத்தி, விழுந்து காட்ட வேண்டுமாம்.

விடுவேனா? ஆங்கிலத்தில் நானும் ஒன்று தட்டச்சு செய்தேன். அம்புக்குறிகள், வட்டங்கள், நடுவே கட்டளைகள்: ‘இடப்பக்கமிருந்து ஐந்து பேர் வரவும். மௌனம். விசில் கேட்டதும் விழவும். மூன்று முறை கைதட்டவும். கதவை நோக்கி ஓடவும்.’ தாள் கசங்காமல் இருக்க அதை அக்காவின் நேர்காணல் கடிதம் இருந்த விசா உறைக்குள் வைத்திருந்தேன்.

சுவாவுக்குச் சற்று முன்னால் சாலைத் தடுப்பு. எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பைகளைச் சோதித்தார்கள். என் கவிதையை ஒரு சிப்பாயின் கண்ணால் முதன்முறையாக நினைத்துப் பார்த்தேன். அசல் தாக்குதல் திட்டம்.

உறைக்குள் கையை விட்டு, அகப்பட்ட தாளை வாயில் திணித்தேன். கவிதை இவ்வளவு கெட்டியாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“என்னடா மெல்லுற?” என்றாள் அக்கா. (எங்கள் வீட்டில் பேச்சு ஃபிஜி இந்தி, திட்டு மட்டும் தமிழ். எனக்குத் தமிழ் நன்றாக வருவதன் காரணம் அதுதான்.)

“கவிதை.”

அவள் உறையிலிருந்து இன்னொரு தாளை உருவினாள். “உன் கவிதை இங்க இருக்கு. நீ தின்னுறது என் லெட்டரு, மூதேவி.”

அவள் பிடுங்கியதில் முக்கால் கடிதம் மிஞ்சியது. அதற்குள் ஒரு ராணுவக்காரர் அவள் கையிலிருந்த கவிதையை வாங்கி நிதானமாகப் படித்தார். ஆள் கதவளவு இருந்தார்.

“யார் இந்த அஞ்சு பேர்?”

“யாருமில்ல சார். இது கவிதை.”

“படி, கேப்போம்.”

“படிக்க முடியாது சார். செஞ்சுதான் காட்டணும்.”

“செய்.”

பஸ் பயணிகள் அத்தனை பேர் முன்னிலையில், இடப்பக்கமிருந்து நான் ஒருவனே ஐந்து பேராக வந்தேன். மௌனம் தானாகவே கிடைத்தது. அவரே இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். புழுதியில் விழுந்தேன். எழுந்து கைதட்டினேன்.

“நிறுத்து” என்றார். என் உயிரும் நின்றது. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, உள்ளங்கைகளைக் குழித்து மூன்று முறை தட்டினார். பள்ளத்திலிருந்து வருவதுபோல் கனத்த சத்தம். “இப்படித் தட்டணும். யங்கோனா குடிச்சதில்லையா நீ?”

யங்கோனா எங்கள் தீவுகளின் வேர்ப் பானம். குடித்ததும் அப்படித்தான் தட்டுவோம். நான் குழித்துத் தட்டினேன். பழக்க தோஷம், பயணிகள் எல்லோரும் கூடவே தட்டினார்கள். ஒரு சிப்பாய் சிரித்துவிட்டான்.

ராணுவக்காரர் தாளை மறுபடி பார்த்தார். பஸ்ஸைக் காட்டினார். “கடைசி வரி பாக்கி இருக்கு. கதவு அங்க. ஓடு.”

அந்த வரியை அவ்வளவு உணர்ந்து எந்தக் கவிஞனும் நிகழ்த்தியிருக்க மாட்டான்.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். அதிகாரி அம்மா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நாய் கடித்ததா?”

“இல்ல மேடம், தம்பி.”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். “இவரும் உங்களோடு வருகிறாரா?”

“இல்ல, இல்ல, நான் மட்டும்தான்” என்றாள் அக்கா அவசரமாக. விசா கிடைத்துவிட்டது. வெளியே வந்து படியில் உட்கார்ந்து இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நடுவில் அவள் கொஞ்சம் அழுதாள்.

பல வருடம் கழித்து நானும் ஆக்லாந்து வந்து சேர்ந்தேன். போன மாதம் என் மகளின் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. அக்கா கட்டைப் பிரிக்கவே விடவில்லை.

“முதல்ல அவனுக்கு ரெண்டு ரொட்டி போடுங்க. அப்புறமா பத்திரிகையக் கண்ணுல காட்டுங்க.”